பார்சல் கட்டலாம் வாங்க பாஸ்!

இன்டர்னல் டெஸ்ட், ரெக்கார்டு நோட்டு, லேப் வைவான்னு ஓடிட்டிருக்கிற உங்களை இந்த வாரம் கொஞ்சம் பார்சல் கட்ட வைக்கப் போறேன். பயப்படாதீங்க, பரோட்டா சால்னா இல்ல. இது சாஃப்ட்வேர் பார்சல்!

ஒரு சின்ன கற்பனை. உங்க ஆண்ட்ராய்டு போனுக்காக நீங்களே ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கீங்க. பத்துப் பதினஞ்சு வரிதான். ஆனா வேலை ஜோரா நடக்குது. பக்கத்து ரூம் பார்ட்டி அதைப் பார்த்துட்டு, 'மச்சி, எனக்கும் குடுடா'ன்னு வந்து நிக்கிறான். நீங்களும் பெருமையா ஃபைலை அனுப்பிடுறீங்க. அதோட முடிஞ்சுதா? இனிமேதான் கச்சேரியே! 'இதை எங்கடா வைக்கணும்?', 'பெர்மிஷன் டினைட்னு வருதுடா', 'போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா ஓடவே மாட்டேங்குதுடா'ன்னு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டும். ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு கேள்வி வரும் பாருங்க... 'டேய், நீ போட்டுக் குடுத்ததை எப்படிடா எடுக்கிறது?'

அந்தக் கடைசிக் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்கா? இருந்தா நீங்க பார்சல் கட்டத் தயார். இல்லேன்னா இந்த வாரப் பக்கம் உங்களுக்குத்தான்.

வீட்டுல சாப்பிடும்போது சாம்பாரைப் பாத்திரத்துல இருந்து அப்படியே ஊத்திக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதையே பஸ் ஏறப் போற ஒருத்தருக்குக் கட்டிக் குடுக்கணும்னா? கவர் வேணும். நூலை இறுக்கமா சுத்தணும். எது சட்னி, எது சாம்பார்னு அவருக்குத் தெரியணும். வழியில கொட்டிடக் கூடாது. சமையல் என்னவோ அதே சமையல்தான். கூடுதலா செய்யுற வேலை பூராவும் வாங்குறவருக்காக. ஒரு ஸ்கிரிப்டை, போன்ல இன்ஸ்டால் பண்ணுற மாட்யூலா மாத்துறதும் இதே கதைதான்.

ரூட்... மேஜிக்... முகமூடி!

ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுறது லினக்ஸ் கெர்னல். லினக்ஸ்ல 'ரூட்'னு ஒரு ராஜா இருக்கார். அவர் வச்சதுதான் சட்டம். கடையில வாங்குற போன்ல அந்த ராஜா பதவியை உங்களுக்குத் தர மாட்டாங்க. சில பேர் அதை வாங்கிக்கிறாங்க. அதைத்தான் 'ரூட் பண்றது'ன்னு சொல்றோம்.

முன்னாடியெல்லாம் ரூட் பண்ணினா சிஸ்டம் பார்ட்டிஷன்லயே கை வச்சு, ஃபைல்களை மாத்தி எழுதணும். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு வர்றதுக்குள்ள தாவு தீர்ந்திடும். 2016-ல தைவானைச் சேர்ந்த ஜான் வூ (இணையத்துல இவர் பேரு 'டாப்ஜான்வூ') 'மேஜிஸ்க்'னு ஒரு கருவியை வெளியிட்டார். மேஜிக் மாஸ்க், அதாவது மந்திர முகமூடி. பேருலயே மேட்டர் இருக்கு. ஒரிஜினல் சிஸ்டம் ஃபைல் அப்படியே இருக்கும். அதுக்கு மேல ஒரு முகமூடியைப் போட்டுவிடும். முகமூடியைக் கழட்டினா பழைய மூஞ்சி பத்திரமா இருக்கும். இதுக்கு 'சிஸ்டம்லெஸ்'னு பேரு வச்சாங்க. ஓப்பன் சோர்ஸ், ஜி.பி.எல். மூணாவது பதிப்பு லைசென்ஸ். யார் வேணும்னாலும் பிரிச்சுப் படிக்கலாம்.

இந்த மேஜிஸ்க் ஆப்ல 'மாட்யூல்ஸ்'னு ஒரு பக்கம் இருக்கு. அங்க ஒரு ஜிப் ஃபைலைக் குடுத்தா இன்ஸ்டால் ஆகும். ஒரு சுவிட்சைத் தட்டினா ஆஃப் ஆகும். இன்னொரு தட்டுல காணாமப் போயிடும். (எல்லாமே அடுத்த ரீபூட்டுல நடக்கும்.) நம்ம பார்சல் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். பின்னாடி வந்த கெர்னல்எஸ்யூ, ஏபேட்ச் மாதிரி கருவிகளும் ஏறக்குறைய இதே அமைப்பைத்தான் எடுத்துக்கிட்டிருக்கு. ஸோ, ஒரு தடவை கத்துக்கிட்டா பல இடத்துல செல்லுபடியாகும்.

ஒரு நிமிஷம்... ரூட் பண்ணாத போனை இந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு உடனே ரூட் பண்ணக் கிளம்பிடாதீங்க! பூட்லோடரை அன்லாக் பண்ணும்போது போன்ல இருக்கிற போட்டோ, மெசேஜ் எல்லாம் அழிஞ்சிடும். கூகுளோட 'ப்ளே இன்டெக்ரிட்டி' சோதனையில போன் ஃபெயிலானா, பேங்க் ஆப்கள் 'உன் போன்ல நான் ஓட மாட்டேன்'னு கோவிச்சுக்கலாம். வாரன்ட்டிக்கும் வேட்டு விழலாம். வீட்டுல இருந்து மாசா மாசம் பணம் வர்ற ஒரே போன்ல இந்த விளையாட்டு வேணவே வேணாம். டிராயர்ல தூங்குற பழைய போன் இருந்தா, அதுதான் நமக்கு லேப்.

சரக்கு ரெடியா?

உதாரணத்துக்கு ஒரு ஸ்கிரிப்டை எடுத்துக்குவோம். போன் 80 சதவிகிதம் சார்ஜ் ஆனதும் சார்ஜிங்கை நிறுத்தணும். அவ்வளவுதான்.

எதுக்கு இது? லித்தியம் அயான் பேட்டரி முழு சார்ஜ்ல, அதுவும் சூட்டுல, ரொம்ப நேரம் கிடந்தா சீக்கிரம் கிழடு தட்டிப் போகும். ஹாஸ்டல்ல நாம என்ன பண்றோம்? ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு, தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குறோம்! 2023-ல வந்த ஐபோன் 15-ல இந்த 80 சதவிகித வசதியை ஆப்பிளே குடுத்திடுச்சு. இப்ப பல புது ஆண்ட்ராய்டு போன்லயும் செட்டிங்ஸ்லயே இருக்கு. உங்க போன்ல இருந்தா அதையே ஆன் பண்ணிட்டு சந்தோஷமா இருங்க. இல்லாத பழைய போனுக்குத்தான் இந்த வைத்தியம்.

லினக்ஸ்ல ஒரு அழகு உண்டு. ஹார்டுவேரோட பல விஷயங்கள் ஃபைல் மாதிரியே தெரியும். பேட்டரி எத்தனை சதவிகிதம்னு ஒரு ஃபைல் சொல்லும். சார்ஜிங்கை நிறுத்துறதுக்குப் பல போன்ல இன்னொரு ஃபைல் இருக்கும். நம்ம ஸ்கிரிப்ட் நிமிஷத்துக்கு ஒரு தடவை முதல் ஃபைலைப் படிக்கும். 80-ஐ தொட்டா ரெண்டாவது ஃபைல்ல 'நிறுத்து'ன்னு எழுதும். 75-க்கு இறங்கினா 'மறுபடி ஆரம்பி'ன்னு எழுதும். அப்புறம் தூங்கும்.

நடுவுல அஞ்சு சதவிகித இடைவெளி எதுக்கு? அது இல்லேன்னா 80-ல நிறுத்தும், 79-ல ஆரம்பிக்கும், திரும்ப 80-ல நிறுத்தும்... ராத்திரி பூரா இதே ஆட்டம்தான். வீட்டு ஃபிரிட்ஜ் தெர்மோஸ்டாட்லயும் இதே தத்துவம்தான். ட்ரிபிள்-ஈ பசங்க 'ஹிஸ்டெரிசிஸ்'னு எக்ஸாமுக்கு உருப்போட்ட வார்த்தை இப்பவாச்சும் உதவுதே!

சரக்கு ரெடி. இனி பார்சல். வாங்குறவன் உங்ககிட்ட கேக்கக்கூடிய அஞ்சு கேள்வியை வரிசையா எழுதிக்குங்க. ஒவ்வொரு கேள்விக்கும் மாட்யூல்ல ஒரு ஃபைல் பதில் சொல்லும்.

கேள்வி 1: யாரு நீ?

'மாட்யூல்.ப்ராப்'னு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். (ஃபைல் பேரையெல்லாம் ஆங்கிலத்துல சின்ன எழுத்துலதான் டைப் பண்ணணும்.) மாட்யூலோட ரேஷன் கார்டுன்னு வச்சுக்குங்களேன். ஐ.டி., பேரு, பதிப்பு, பதிப்பு எண், எழுதினது யாரு, என்ன பண்ணும்... இந்த ஆறும் ஆறு வரியில இருக்கணும்.

இதுல ஐ.டி.தான் ரொம்ப முக்கியம். ஆங்கில எழுத்துல ஆரம்பிக்கணும். எழுத்து, எண், புள்ளி, ஹைஃபன், அண்டர்ஸ்கோர் இதுக்கெல்லாம் ஓகே. ஸ்பேஸ் விட்டீங்க, அவுட்! ஒரு தடவை வெளியே குடுத்திட்டா ஐ.டி.யை மாத்தவே கூடாது. ஏன்? மேஜிஸ்க் ஒரு மாட்யூலை அடையாளம் கண்டுக்கிறது இதை வச்சுத்தான். அடுத்த பதிப்புல 'இன்னும் ஸ்டைலா வைப்போமே'ன்னு ஐ.டி.யை மாத்தினா, அது புது ஆள்னு நினைச்சு பழசையும் வச்சுக்கிட்டு புதுசையும் சேர்த்துக்கும். ரெண்டு ஸ்கிரிப்டும் ஒரே பேட்டரிக்கு அடிச்சுக்கும்!

பதிப்பு, பதிப்பு எண்... எதுக்கு ரெண்டு? முதல் ஒண்ணு மனுஷங்க படிக்கிறதுக்கு. 'பீட்டா', 'பொங்கல் ஸ்பெஷல்'னு என்ன வேணும்னாலும் போடுங்க. ரெண்டாவது மெஷின் படிக்கிறதுக்கு. அது முழு எண்ணாத்தான் இருக்கணும். ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டே போகணும்.

'என்ன பண்ணும்'ங்கிற வரியில 'பேட்டரி பூஸ்டர்! வேற லெவல்!'னு பீலா விடாதீங்க. '80-ல சார்ஜிங்கை நிறுத்தும், 75-ல ஆரம்பிக்கும்'னு எழுதுங்க. படிக்கிறவனுக்கு அது போதும்.

கேள்வி 2: என் போனுக்கு ஒத்து வருவியா?

இங்கதான் பல பேர் சறுக்குவாங்க. 'என் போன்ல ஓடுதே'ங்கிற ஒரே தைரியத்துல குடுத்திடுவாங்க.

நம்ம உதாரணத்தையே பாருங்க. சார்ஜிங்கை நிறுத்துற ஃபைலுக்கு சில போன்ல 'இன்புட் சஸ்பெண்ட்'னு பேரு. அதுல 1 எழுதினா சார்ஜிங் நிக்கும். வேற சில போன்ல 'சார்ஜிங் எனேபிள்டு'ன்னு பேரு. அதுல 1 எழுதினா சார்ஜிங் நடக்கும்! அதே 1. அர்த்தம் நேர் எதிர். பேரை மட்டும் மாத்திட்டு எண்ணை அப்படியே விட்டா என்ன ஆகும்? 75-க்குக் கீழ சார்ஜ் ஏறாது. காலையில எட்டு மணிக்கு நண்பனுக்கு கேம்பஸ் இன்டர்வியூ. ராத்திரி பூரா சார்ஜர்ல இருந்த போன் செத்துக் கிடக்கும். அலாரமும் அடிச்சிருக்காது. இத்தனைக்கும் உங்க ஸ்கிரிப்ட்ல ஒரு எரர்கூட வந்திருக்காது!

அதனால 'கஸ்டமைஸ்.எஸ்ஹெச்'னு ஒரு ஃபைல். இது இன்ஸ்டால் ஆகும்போது மட்டும் ஓடும். வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி மாதிரி. எந்த ஃபைல் இருக்குன்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க. 'இன்புட் சஸ்பெண்ட்' இருக்கா? நிறுத்த 1, ஆரம்பிக்க 0-ன்னு ஒரு குறிப்பு ஃபைல்ல எழுதி மாட்யூல் ஃபோல்டர்ல வை. இன்னொண்ணு இருக்கா? தலைகீழா எழுதி வை. ரெண்டுமே இல்லையா? 'ஸாரி, இந்த போனுக்கு இது ஒத்து வராது'ன்னு சொல்லிட்டு வெளியே வா. அதுக்கு 'அபார்ட்'னு ஒரு கட்டளை ரெடியா இருக்கு. வழக்கமா நாம போடுற 'எக்ஸிட்'டை இங்க போடக் கூடாது. எக்ஸிட் பாட்டுக்குக் கதவைத் திறந்து போட்டுட்டு ஓடிடும். அபார்ட்தான் பாதியில விட்டதையெல்லாம் கூட்டிப் பெருக்கிட்டுப் போகும்.

ஸ்கிரீன்ல சேதி காட்ட 'யுஐ பிரின்ட்'னு ஒரு கட்டளை இருக்கு. அதைத் தாராளமா பயன்படுத்துங்க. 'உங்க போன்ல இந்த ஃபைல் கிடைச்சது, 80-ல நிறுத்துவேன்'னு ரெண்டு வரி சொன்னாலே போடுறவனுக்கு நம்பிக்கை வரும்.

இன்னொரு நல்ல விஷயம். மேஜிஸ்க் தன்கூடவே 'பிஸிபாக்ஸ்'னு ஒரு கட்டளை மூட்டையைக் கொண்டு வருது. நம்ம ஸ்கிரிப்ட் அதுலதான் ஓடும். அதனால ஒவ்வொரு கம்பெனி போன்லயும் கட்டளைகள் வேற வேற மாதிரி நடந்துக்கிற தலைவலி பெருசா கிடையாது.

கேள்வி 3: நீ எப்ப வேலை செய்வ?

ஒவ்வொரு தடவை போன் ஆன் ஆகும்போதும் ஸ்கிரிப்டைத் தானா ஓட வைக்கணும். அதுக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு 'போஸ்ட்-எஃப்எஸ்-டேட்டா.எஸ்ஹெச்'. இது போன் கண் முழிக்கிறதுக்கு முன்னாடியே ஓடும். இது முடியுற வரைக்கும், இல்லேன்னா இதுக்குக் குடுத்த கெடு தீருற வரைக்கும், மத்த வேலையெல்லாம் காத்துக்கிட்டு நிக்கும். ரெண்டாவது 'சர்வீஸ்.எஸ்ஹெச்'. இது யாரையும் நிறுத்தாம, ஓரமா தன் வேலையைப் பார்க்கும்.

நம்ம ஸ்கிரிப்ட் நாள் பூரா சுத்திக்கிட்டே இருக்கிற ஸ்கிரிப்ட். அதை முதல் இடத்துல வச்சா, கல்யாண மண்டப வாசல்ல நடுவுல நாற்காலி போட்டு உக்காந்த மாமா மாதிரி ஆயிடும். ஸோ, 'சர்வீஸ்.எஸ்ஹெச்'தான் சரி. மேஜிஸ்க்கே இதை ரூட் அதிகாரத்தோட ஓட வைக்கிறதால, 'பெர்மிஷன் டினைட்' புலம்பலும் ஓவர். முதல் வேலையா, 'பூட் முடிஞ்சுதா?'ன்னு கேட்டு, முடியுற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க. 'சிஸ்.பூட்_கம்ப்ளீட்டட்'ங்கிற ப்ராப்பர்ட்டி 1 ஆனா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

ஒரு டிப்ஸ். மாட்யூல் ஃபோல்டரோட முழு முகவரியை ஸ்கிரிப்டுக்குள்ள கையால எழுதாதீங்க. இன்ஸ்டால் ஆகும்போது அது ஒரு தற்காலிக இடத்துல இருக்கும். ரீபூட் ஆனதும் வேற இடத்துக்குக் குடி போயிடும். இன்ஸ்டால் நேரத்துல 'மாட்பாத்'ங்கிற வேரியபிளைப் பயன்படுத்துங்க. ஓடும் நேரத்துல, 'நான் எந்த ஃபோல்டர்ல இருக்கேன்?'னு ஸ்கிரிப்ட் தன்னைத்தானே கேட்டுக்கட்டும்.

கேள்வி 4: புதுசு வந்தா என்ன பண்றது?

அதே ஐ.டி., பெரிய பதிப்பு எண்... புது ஜிப்பைப் போட்டா பழசுக்குப் பதிலா உக்காந்துக்கும். இதுல ஒரு கண்ணி இருக்கு. அப்டேட் ஆகும்போது பழைய மாட்யூல் ஃபோல்டர் மொத்தமா போய், புதுசு வரும். நண்பன் 80-ஐ 85-ன்னு மாத்தி வச்சிருந்தான்னா? போயே போச்சு! அதனால பயனாளரோட விருப்பங்களை மாட்யூல் ஃபோல்டருக்கு வெளியே தனியா ஒரு இடத்துல வைக்கிற பழக்கம் இருக்கு. நல்ல பழக்கம்தான். ஆனா, அது நேரா அஞ்சாவது கேள்விக்குக் கூட்டிட்டுப் போகும்.

கேள்வி 5: போகச் சொன்னா போவியா?

மாட்யூலை நீக்கினா மேஜிஸ்க் அதோட ஃபோல்டரை அழிச்சிடும். முகமூடி போட்ட சிஸ்டம் ஃபைல்கள் பழைய முகத்தோட வந்திடும். ஆனா, உங்க ஸ்கிரிப்ட் வெளியே போட்ட குப்பை? லாக் ஃபைல், விருப்பங்கள் ஃபைல், மாத்தி வச்ச செட்டிங்ஸ்... அதெல்லாம் மேஜிஸ்க்குக்குத் தெரியாது. போட்டது நீங்க, எடுக்க வேண்டியதும் நீங்கதான். அதுக்கு 'அன்இன்ஸ்டால்.எஸ்ஹெச்'. இது கட்டாயம் இல்ல. வைக்காட்டியும் மாட்யூல் ஓடும். அதனாலயே நிறைய பேர் வைக்கிறதில்ல.

வச்சாலும் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு எழுதணும். அழிக்கிற கட்டளையோட ஒரு வேரியபிளைச் சேர்த்து எழுதுறீங்க. ஏதோ காரணத்தால அந்த வேரியபிள் காலியா இருந்தா? 'இந்த ஃபோல்டருக்குள்ள இருக்கிறதை அழி'ங்கிறது 'எல்லாத்தையும் அழி'ன்னு ஆயிடும்!

கதை விடலைங்க, நிஜமா நடந்திருக்கு. 2015 ஜனவரியில, கேம் பசங்களுக்கெல்லாம் தெரிஞ்ச ஸ்டீம் மென்பொருளோட லினக்ஸ் பதிப்புல இதே பிரச்னை வெளியே வந்தது. ஒருத்தர் ஸ்டீம் ஃபோல்டரை வேற இடத்துக்கு மாத்தி வச்சிருந்தார். ஸ்கிரிப்ட்ல இருந்த அந்த வேரியபிள் காலியாப் போச்சு. அவரோட ஃபைல்கள் மொத்தமும் காலி. பேக்கப் எடுத்து மாட்டி வச்சிருந்த வெளி டிரைவ்ல இருந்ததும் சேர்த்து! இதுல ஹைலைட் என்ன தெரியுமா? அந்த அழிக்கிற வரிக்கு மேலேயே, 'பயமா இருக்கே'ங்கிற அர்த்தத்துல ஒரே ஒரு வார்த்தைக் குறிப்பை எழுதினவரே போட்டு வச்சிருந்தார். பயம் வந்தா குறிப்பு எழுதினா மட்டும் போதாது பாஸ். வேரியபிள் காலியான்னு ஒரு வரி செக் பண்ணிட்டு அப்புறம் அழிக்கணும்.

பேட்டரி சுவிட்ச் ஃபைல் பொதுவா ரீபூட்டுல தன் பழைய நிலைக்கு வந்திடும். அந்த வகையில நம்ம உதாரணம் சாதுப் பிள்ளை. உங்க ஸ்கிரிப்ட் எப்படின்னு நீங்கதான் பார்க்கணும். 'இது எதையெல்லாம் தொடுது?'ன்னு ஒரு பேப்பர்ல பட்டியல் போடுங்க. பட்டியல்ல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல, 'இது எப்படித் திரும்பும்?'னு எழுதுங்க. எதிர்ல எழுத ஒண்ணும் கிடைக்கலைன்னா, அந்த வேலையை ஸ்கிரிப்ட்ல இருந்து தூக்கிடுங்க.

கவர் போட்டு, நூல் கட்டி...

இந்த ஃபைல்களோட, இன்ஸ்டாலருக்கான 'மெட்டா-இன்ஃப்' ஃபோல்டரையும் சேர்க்கணும். அதுக்குள்ள ஒரு குறிப்பிட்ட பாதையில ரெண்டு ஃபைல். 'அப்டேட்-பைனரி'ங்கிறது மேஜிஸ்க் திட்டத்துலயே கிடைக்கிற ரெடிமேட் இன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட். 'அப்டேட்டர்-ஸ்கிரிப்ட்'டுல ஒரே வரி: ஹேஷ் குறி போட்டு, ஒட்டினாப்ல பெரிய எழுத்துல மேஜிஸ்க். அம்புட்டுதேன்!

ஜிப் பண்ணும்போது பசங்க வழக்கமா மாட்டுற இடம் ரெண்டு. ஒண்ணு, ஃபோல்டரோட சேர்த்து ஜிப் பண்றது. ஜிப்பைத் திறந்ததும் 'மாட்யூல்.ப்ராப்' முதல் தளத்துலயே தெரியணும். இன்னொரு ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சிருந்தா இன்ஸ்டாலர் தேடிக் கண்டுபிடிக்காது. அதனால ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து ஜிப் பண்ணுங்க, ஃபோல்டரை இல்ல.

ரெண்டாவது, விண்டோஸ் நோட்பேட். அது புது ஃபைல்ல ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ரெண்டு எழுத்து போடும். லினக்ஸுக்கு ஒண்ணுதான் பழக்கம். அந்த எக்ஸ்ட்ரா எழுத்து ஸ்கிரிப்டைக் குழப்பிடும். கண்ணுக்குத் தெரியாததால எங்க தப்புன்னே புரியாது. எடிட்டர்ல 'யுனிக்ஸ் லைன் எண்டிங்' தேர்வு பண்ணிக்குங்க.

அப்புறம் டெஸ்டிங். இன்ஸ்டால், ரீபூட், வேலை செய்யுதான்னு பார்க்கிறது... இதோட நிறுத்திடாதீங்க. ஆஃப் பண்ணிப் பாருங்க. மேலேயே புது பதிப்பு போட்டுப் பாருங்க. நீக்கிட்டு, குப்பை மிச்சம் இருக்கான்னு பாருங்க. சுவிட்ச் ஃபைல் இல்லாத வேற ஒரு போன்ல போட்டு, மரியாதையா வெளியே வருதான்னும் பாருங்க.

ஒருவேளை போன் ஸ்டார்ட் ஆகாம லோகோவுலயே சுத்தினா? ஆண்ட்ராய்டோட 'சேஃப் மோடு'ல பூட் பண்ணுங்க. மேஜிஸ்க் அதைப் பார்த்ததும் எல்லா மாட்யூலையும் ஆஃப் பண்ணிடும். யு.எஸ்.பி. டீபக்கிங் முன்னாடியே ஆன்ல இருந்தா, கம்ப்யூட்டர்ல இருந்து ஒரே கட்டளையில எல்லா மாட்யூலையும் நீக்கவும் வழி இருக்கு. இந்த ரெண்டு வரியையும் ஜிப்போட அனுப்புற குறிப்புல கட்டாயம் எழுதுங்க. நடுராத்திரியில நண்பன் பதறும்போது உங்க போன் சைலன்ட்ல இருக்கலாம்!

குடுக்கிற கை, வாங்குற கை

இதுவரைக்கும் குடுக்கிறவர் பக்கம் பேசினோம். இப்ப வாங்குறவர் நாற்காலியில கொஞ்சம் உக்காருங்க.

ப்ளே ஸ்டோர்ல இருந்து வர்ற சாதாரண ஆப், 'கேமரா வேணும், கான்டாக்ட்ஸ் வேணும்'னு கேட்டு நிக்கும். நீங்க 'முடியாது'ன்னு சொல்லலாம். மாட்யூல் கேக்காது. அதுக்குள்ள இருக்கிற ஸ்கிரிப்ட் ராஜா அதிகாரத்துல ஓடும். மெசேஜைப் படிக்கணும்னாலும் படிக்கும். போட்டோவை எங்கயாச்சும் அனுப்பணும்னாலும் அனுப்பும். பேங்க்ல இருந்து வர்ற ஓ.டி.பி.யும் அதுல அடக்கம். 'சூப்பர் கேமிங் மாட்யூல், 120 எஃப்.பி.எஸ். கேரண்டி'ன்னு யாரோ முகம் தெரியாத ஒருத்தர் அனுப்புற ஜிப்பை நாம ரெண்டு தட்டுல உள்ளே விட்டுடுறோம். வாசல்ல தெரியாத ஆள் நின்னா பேரு ஊரு விசாரிக்காம உள்ளே விடுவோமா?

நல்ல சேதி என்னன்னா, பல மாட்யூல் வெறும் டெக்ஸ்ட்தான். ஜிப்பைப் பிரிச்சு, அந்த அஞ்சு கேள்வியையும் அதுகிட்டயே கேளுங்க. பேரு, விவரம் தெளிவா இருக்கா? என் போனான்னு செக் பண்ணுதா, இல்ல கண்ணை மூடிட்டு எழுதுதா? இணையத்துல இருந்து எதையாவது இழுத்துட்டு வந்து ஓட்டுதா? புரியாத நீள எழுத்துக் குவியல், படிக்க முடியாத பைனரி ஃபைல் எதாவது இருக்கா? அப்படி இருந்து, சோர்ஸும் குடுக்கலைன்னா, ஒரு கும்பிடு போட்டு அனுப்பி வச்சிடுங்க.

நீங்க எழுதுற மாட்யூலையும் இப்படி ஒருத்தர் பிரிச்சுப் படிப்பார்னு நினைச்சே எழுதுங்க. ஸ்கிரிப்ட் படிக்கத் தெரிஞ்சவனுக்குப் பிரிச்சுப் பார்த்தா புரியணும். தெரியாதவனுக்கு, பிரிக்காமலே பத்திரமா இருக்கணும். நண்பன் நம்ம ஸ்கிரிப்டைப் படிச்சுப் பார்த்தா போடுறான்? நம்ம மூஞ்சியைப் பார்த்துதானே போடுறான்! அவன் போன்ல அவங்க அம்மா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இருக்கும். தங்கச்சி கல்யாண போட்டோ இருக்கும். அரியர் எழுதக் கட்டின ஃபீஸ் ரசீது இருக்கும். அதுக்கெல்லாம் ராஜாவா நம்ம பதினஞ்சு வரியை உக்கார வைக்கிறான்.

ஸோ, இந்த வார ஹோம் ஒர்க் ரொம்ப ஈஸி. ரூட் பண்ணின போன் வச்சிருக்கவங்க, ஏற்கெனவே போட்டிருக்கிற ஏதாவது ஒரு மாட்யூலோட ஜிப்பைப் பிரிச்சு, 'சர்வீஸ்.எஸ்ஹெச்' இருந்தா முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிங்க. சொந்தமா ஸ்கிரிப்ட் வச்சிருக்கவங்க, அஞ்சாவது கேள்விக்கான ஃபைலை முதல்ல எழுதிட்டு, அப்புறமா மத்த நாலையும் எழுதுங்க. ரூட் பண்ணாதவங்க ஏங்க வேணாம். 'டெர்மக்ஸ்'னு ஒரு ஆப் இருக்கு. ரூட் இல்லாமலே போன்ல ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிப் பழகலாம்.

பார்சல் கட்டியாச்சா? சாம்பார் ஒழுகலையே? சூப்பர்! அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும் போனைத் தலகாணிக்கு அடியில வைக்காம தூங்குங்க மக்கா!